பச்சைக்காய் பொறுக்கிய சங்கம்

கூடையைக் கவிழ்த்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

மதியம் ஆகியும் பனி விலகாத ஒரு மார்கழி நாள். எங்கள் காப்பிச் சங்கத்துக் கொட்டகையின் முன்னால் நாற்பது பேர் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். எல்லாக் கூடைகளின் மேலும் துணி போர்த்தியிருந்தது. உள்ளே, பெயின்ட் வாசனை கூடப் போகாத புது மிஷின். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியாகத் தள்ளுகிற பல்ப்பர். மலைக்கு அது வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றுதான் முதல் ஓட்டம்.

வரிசையில் முதல் ஆள் மாரியாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. நான் கூடையின் துணியை விலக்கினேன். மேலே நல்ல சிவப்பு. கையை விட்டுக் கிளறினேன். அடியில் பாதிக்குப் பாதி பச்சை.

நான் யோசிக்கவே இல்லை. கூடையின் விளிம்பில் காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். பழம் மொத்தமும் சாக்கின் மேல் உருண்டு ஓடியது.

“இது காப்பிப் பழமா, சுண்டைக்காயா? இதைப் போட்டா மிஷின் என்னத்துக்கு ஆகும்?” என்றேன். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

மாரியாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உருண்ட பழங்களை ஒன்று விடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டார். மறுபடியும் துணியைப் போர்த்தினார்.

“நான் வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நின்றவர் சங்கத் தலைவர் சடையக் கவுண்டர். அவரும் தம் கூடையைத் தூக்கித் தோளில் வைத்தார். “ஊட்டுல சித்த வேல இருக்குதுங்க அம்மணி” என்றார். அதற்கடுத்தவருக்கு மாடு ஈன்றுகொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கொட்டகை வாசல் காலி. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ரைட்டர் மகள்

என் அப்பா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். கூலியாட்களுக்குப் பேர் பதிந்து, மாலையில் அவர்கள் பறித்து வரும் பழத்தை நிறுத்து எழுதுகிற வேலை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அந்தத் தராசுக்குத்தான் போவேன். ஒவ்வொரு கூடையாக வரும். அப்பா காலால் ஒரு தள்ளுத் தள்ளுவார். பழம் உருளும். பச்சை கண்ணில் பட்டால் அன்றைய கூலியில் வெட்டு. அந்தத் தள்ளில் அப்பாவுக்கு ஒரு லாவகம் உண்டு. ஒரு பழம்கூடச் சாக்கை விட்டு வெளியே போகாது. எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. காப்பி என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்ந்தேன். டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன். சேலத்தில் வேலை தேடிப் பஸ்ஸில் ஏறி இறங்கியதில் கொண்டை ஊசி வளைவுகள் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். அந்தச் சமயத்தில்தான், எழுபதுகள் முடிகிற நேரம், கரடியூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரில் காப்பிச் சங்கம் ஆரம்பித்தார்கள். கடிதம் எழுதவும் ஆள் வேண்டும், காப்பியும் தெரிந்திருக்க வேண்டும். “அதான் ரைட்டர் புள்ள இருக்குதே” என்று யாரோ சொல்ல, நான் சம்பளத்துக்குச் செயலாளர் ஆனேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது ஒரு பை ஆரஞ்சோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, “ஏனுங்க, எங்களப் பத்தியா எழுதியிருக்கறீங்க?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்பார்கள். அவர்களுடைய மரியாதையை நான் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தாகிவிட்டது.

வயிறு வைத்த கூடை

சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பறித்த காப்பிப் பழம் ஒரு நாள் தாங்கும். மறுநாள் புளிக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கே தோலை உரித்து, ஊறவைத்து, கழுவிக் காயப்போட்டுவிட்டால் மூட்டையில் கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். ஆனால் உரிக்கிற மிஷின் பெரிய எஸ்டேட்டுகளில் மட்டும்தான் இருந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த மலைக்காரர்களுக்கு வேறு வழியில்லை. வியாபாரி கேட்ட விலைக்குப் பழமாகவே கொடுத்துவிட வேண்டும்.

அந்த வியாபாரி செடி பூத்திருக்கும்போதே வந்துவிடுவார். வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும் தோட்டத்தைப் பார்த்து அங்கேயே விலை பேசி முடித்துவிடுவார். பறிப்புக் காலத்தில் தம் கூடையைத் தாமே கொண்டுவருவார். சாதாரணக் கூடை அல்ல, நடுவில் வயிறு வைத்த கூடை. பார்த்தால் ஒரு கூடை, கொட்டினால் ஒன்றரை. பிடிக்கவில்லையென்றால் பழத்தை வைத்துக்கொள் என்பார். பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு புத்தகமே எழுதுவார்கள். சடையக் கவுண்டர் முதல் கூட்டத்தில் சுருக்கமாகச் சொன்னார். “மிஷினு ஒருத்தனால வாங்க முடியாதுங்க. ஊரே சேந்தா வாங்கலாம்.” அவ்வளவுதான். நாற்பது குடும்பம் சேர்ந்தது.

சேர்ந்ததைப் பார்த்துச் சர்க்கார் இலாகாவே ஒரு மிஷினைக் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை. முதல் பருவம் வெறும் சோதனைதான். பழம் போதுமான அளவு வர வேண்டும், தரமாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மிஷின் மலையிறங்கிவிடும். அந்த மிஷினைத் தங்களுக்குக் கேட்டு வேறொரு மலையிலிருந்து ஏற்கெனவே விண்ணப்பம் போயிருந்தது.

நான் உற்சாகத்தில் சங்கத்துக்கு விதிகளை டைப் அடித்தேன். பதினாறாவது விதி என் சொந்தச் சரக்கு. ‘பச்சைக்காய் கலந்து கொண்டுவரும் உறுப்பினர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார்.’ எஸ்டேட் நோட்டீஸ் பலகையில் பார்த்த வாசகத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். கூட்டத்தில் வாசித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் எதை வாசித்தாலும் தலையாட்டுவார்கள். வாசிக்கிற ஆளுக்கு அது மரியாதை.

மிஷின் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. குப்பனூர் வழியாக லாரியில் வந்தது. ரோடு முடிந்த இடத்திலிருந்து மூங்கில் கட்டித் தோளில் சுமந்தார்கள். கொட்டகையில் இறக்கி வைத்ததும் சந்தனம், குங்குமம், மாலை. அதற்குக் கோழி அறுக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு பெரிய விவாதம். மிஷின் சைவமா, அசைவமா என்று என்னிடமே கேட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற பெண்ணிடம் இதைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? சைவம் என்று சொல்லி ஒரு கோழியைக் காப்பாற்றினேன். எலுமிச்சம்பழத்தோடு முடிந்தது.

இந்தக் கொண்டாட்டத்தில் மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தது மாரியாயிதான். அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி, ஏணி வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தார். பூ பூத்த சமயத்தில் வியாபாரி வந்தபோது, “இந்த வருசம் சங்கத்துக்குத் தாரேனுங்க” என்று மாரியாயி சொல்லிவிட்டார். ஊரிலேயே அப்படி முகத்துக்கு நேராகச் சொன்னது அவர் ஒருவர்தான். வியாபாரி போகும்போது, “இனிமே உன் பழத்தை இந்த மலையில எவனும் தொட மாட்டான், பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தை விட்டால் மாரியாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. பழம் செடியிலேயே கறுத்து உதிர வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணின் கூடையைத்தான் நான் காலால் தள்ளினேன்.

மூன்று நாள் மரியாதை

மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் தராசைத் துடைத்தேன், மிஷினைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “நல்லாருக்கறீங்களா அம்மணி” என்று விசாரித்தார்கள். ஒரு வீட்டில் பலாக்கொட்டை வறுத்துக் கொடுத்தார்கள். பழம் மட்டும் கொண்டுவரவில்லை.

ரோட்டுப் பக்கம் வியாபாரியின் ஜீப் நிற்பதாகப் பேச்சு வந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “சரியாத்தான் செஞ்சிருக்க! ஒரு நாள் எளக்காரம் குடுத்தா மறுநாள் கூடை முழுக்கப் பச்சைதான் வரும். கூலியாளுங்கள அப்பிடித்தான் வெச்சிருக்கணும்” என்றார்.

அந்தக் ‘கூலியாளுங்க’ என்ற சொல் மட்டும் என் காதிலேயே நின்றது. அப்பா என்னை அப்படிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நானோ தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சடையக் கவுண்டரைத் தேடிப் போனேன். வேலியோரம் ஆரஞ்சுச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன். “ஐயா, என் மேல கோவமுங்களா?”

“கோவமெல்லாம் இல்லீங்க அம்மணி.” மண்வெட்டியை நட்டு வைத்தார். “எங்க சனம் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போனதில்லீங்க. கஞ்சியோ களியோ, எங்க காட்டுல வெளஞ்சதுதான். கூடையத் தள்ளற எடத்துல நின்னு பழக்கமில்லீங்க. அவ்வளவுதான்.”

“ஆனா பச்சை இருந்துதுங்களே ஐயா.”

“இருந்துதுங்க. என்ற கூடையிலயும் இருந்துது” என்றார் அவர்.

களியும் மன்னிப்பும்

மாரியாயி வீடு ஊருக்குக் கொஞ்சம் ஒதுங்கி, தோட்டத்தின் நடுவில் இருந்தது. நான் போனபோது அவர் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் கூடை. கிளையை வளைத்து, இரண்டு கையாலும் ஒரே உருவு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து விழுந்தன.

என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். “வா கண்ணு” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் போனதும் பக்கத்துச் செடியில் பறிக்க ஆரம்பித்தேன். பழுத்ததை மட்டும், ஒவ்வொன்றாக. ஒரு செடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே செடியில் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. பச்சையை விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி வந்து, அதற்கப்புறம் இன்னொரு தரமும் வர வேண்டும். எஸ்டேட்டில் அதற்கு நூறு பேர் இருந்தார்கள். இங்கே ஒருத்தி. கட்டிலில் ஒரு புருஷன், பட்டியில் ஆறு ஆடு, ஒரு ஏக்கர் காப்பி.

“அக்கா, தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். ஒத்திகை பார்த்ததில் மிஞ்சியது இவ்வளவுதான்.

“எனக்கும் பச்சைன்னு தெரியாமயா கொண்டாந்தேன்? தெரியுமே.” அவர் கிளையை விட்டார். “ஒத்த ஆளு, என்ன பண்ணச் சொல்ற? ஆனா நீ தள்ளுனப்ப எனக்கு நொம்ப வெசனமாப் போச்சு கண்ணு. வியாபாரிகூட என்ற கூடையக் காலுல தொட்டதில்ல.”

நான் அழுதேன். எழுத வெட்கமாக இருந்தாலும் அழுதது உண்மை.

உள்ளே கூட்டிப்போய்க் களியும் கீரையும் போட்டார். கட்டிலில் இருந்த அவர் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குழம்பு காரமுங்களா அம்மணி?” என்று கேட்டார். அந்த ஊர்க்காரர்கள் கண்ணீரைக்கூட நேராகப் பார்த்துக் கேட்க மாட்டார்கள்.

சாப்பிடும்போதுதான் மாரியாயி அதைச் சொன்னார்.

“எங்க சாமி கும்புடுக்கு ஊருப் பொங்கல் வெப்பாங்க, பாத்திருக்கறயா? ஊட்டுக்கு ஊடு அரிசி கொண்டாந்து ஒரே குண்டாவுல கொட்டுவாங்க. துணி மூடித்தான் வரும். எவ எவ்வளவு கொண்டாந்தா, கல்லு கெடக்குதா, நொய்யரிசியா, ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. பாக்கவும் கூடாது.”

“அப்போ கல்லு?”

“கொட்டுன பொறவு எல்லாருந்தான உக்காந்து பொறுக்கறோம். கல்லு எந்த ஊட்டுதுன்னு அதுல எழுதியா இருக்குது?”

நான் களியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எஸ்டேட் மூளை விடவில்லை. “அப்படின்னா சோம்பேறிங்க நெறையப் பச்சை கொண்டாந்து நம்ம தலையில கட்டிருவாங்களே அக்கா?”

“கொண்டாரட்டும். பொறுக்கறப்ப அவனும் வந்து உக்காரோணுமே? ரெண்டு நாளு முதுகு வலிச்சா மூணாம் நாளு செவப்பாப் பறிச்சுட்டு வந்துருவான்.”

ஒரே குவியல்

அன்று மாலையே சடையக் கவுண்டரிடம் போய்ச் சொன்னேன்; அவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் கொட்டகை முன்னால் பத்துச் சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்து விரித்தோம். வருகிற கூடையைத் துணியோடு தராசில் வைத்து எடையை எழுதுவேன். துணியைத் தொட மாட்டேன். பிறகு அவரவரே கொண்டுபோய் நடுவில் கொட்டுவார்கள். கடைசிக் கூடை கொட்டிய பிறகு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவார்கள். சிவப்பு மிஷினுக்கு. பச்சை தனியாகக் காயப் போய்விடும்.

முதல் நாள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பச்சை. நாலாம் நாள் பாதியாகக் குறைந்தது. மாரியாயி சொன்னது போல முதுகுதான் வாத்தியார். அதைவிட வேடிக்கை, ஆள் இல்லாத வீட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே பறிக்கப் போக ஆரம்பித்தார்கள். “அங்க பச்சையா உருவுனா இங்க நாமதான பொறுக்கோணும்” என்பது காரணம். பரோபகாரம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

பொழுது சாயும்வரை நாற்பது குடும்பம் ஒரே சாக்கில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? அந்தச் சாக்கில் பேசி முடித்த கல்யாணம் மட்டும் மூன்று. “உங்க சங்கத்துல பழத்தத் தரம் பாக்கறீங்களோ இல்லியோ, மாப்பிள்ளயத் தரம் பாத்துட்டீங்க” என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அவர் மகனைத்தான் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பச்சைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

மண்ணெண்ணெயும் உப்பும் ஒவ்வொருவராகச் சந்தையில் வாங்குவதற்குப் பதில் சங்கமே மொத்தமாக வாங்கிப் பிரிக்கலாம் என்ற யோசனை சாக்கில்தான் பிறந்தது. ஓடைப் பாதையில் சரிந்த கல்லை அடுக்கியது, கொட்டகைத் தாழ்வாரத்தில் குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டியது, உரித்த தோலை மக்க வைத்து மறுபடி தோட்டத்துக்கே எருவாகக் கொண்டுபோனது, எல்லாம் அங்கே பேசியவைதான். ஒரு தீர்மானமும் நிறைவேற்றவில்லை. மினிட்ஸ் நோட்டில் எழுதவும் இல்லை. நான் எழுதலாமா என்று கேட்டதற்கு, “எதுக்குங்க, செஞ்சுட்டோமே” என்றார்கள்.

வியாபாரி பக்கத்து ஊரில் வயிற்றுக் கூடையை விட்டுவிட்டுத் தராசு கொண்டுவருவதாகக் கேள்விப்பட்டோம். சங்கத்தில் சேராத ஊருக்கும் எங்களால் ஒரு தராசு கிடைத்தது.

ஜீப்பில் வந்தவர்

பறிப்பு முடியப் போகிற சமயம். மாரியாயி வீட்டுக்காரரைக் கால் கட்டு அவிழ்க்கச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் பூராவும் அதிலேயே போய்விட்டது. மறுநாள் மதியத்துக்குள் இரண்டு நாள் பழத்தைப் பறித்தாக வேண்டும். அவர் கூடை தராசில் ஏறியபோதே, துணியின் கிழிசலில் பச்சை எட்டிப் பார்த்தது. நான் எடையை எழுதிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அவர் கொட்டினார். குவியலின் ஒரு மூலை முழுக்கப் பச்சையாகிவிட்டது. சுற்றி இருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் கையால் அதை நாலு பக்கமும் பரப்பிவிட்டுப் பொறுக்க உட்கார்ந்தார்கள்.

அன்று பார்த்து இலாகா ஜீப் வந்தது. இளம் வயது அதிகாரி. வளைந்து வளைந்து ஏறியதில் முகம் வெளுத்துப் போயிருந்தது. அரை மணி நேரம் உட்கார வைத்துச் சுக்குத் தண்ணீர் கொடுத்தோம். காப்பி விளைகிற ஊர்தான், ஆனால் காப்பி போட ஒரு வீட்டிலும் தூள் கிடையாது.

தெளிந்ததும் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். சங்கத்தில் பச்சைக்காயைக் கலக்கிறார்கள், மிஷினைப் பாழாக்குகிறார்கள் என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். பொறுக்கின பழம் ஒரு பக்கம் சிவப்பாகக் குவிந்திருந்தது. அவர் அதன் பக்கமே போகவில்லை. பொறுக்காத குவியலில் குனிந்து ஒரு கை அள்ளினார். முழுக்கப் பச்சை.

“ரூல் பதினாறு, நீங்கதானம்மா டைப் பண்ணினது?”

“நாந்தாங்க சார்.”

“இன்னிக்கு இதைக் கொண்டுவந்தவர் பேர் மட்டும் சொல்லுங்க. நீக்கிட்டு, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். மிஷின் இங்கேயே இருக்கும். நடவடிக்கை இல்லேன்னா, மிஷினை இறக்கச் சொல்லித்தான் நான் எழுதணும்.”

கெட்ட மனிதர் இல்லை. சங்கத்தைக் காப்பாற்ற ஒரு வழி சொன்னார். ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் போனால், அந்த வீட்டுப் பழத்துக்கு மலையில் வேறு வாசல் இல்லை. எடை நோட்டு என் கையில்தான் இருந்தது. அதை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

“தெரியாதுங்க சார். எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டறோம்” என்றேன்.

மாரியாயி கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் சடையக் கவுண்டர் எழுந்து அதிகாரியின் எதிரில் போய்க் கைகட்டி நின்றார்.

“எழுதிக்குங்க சார். பேரு சடையன். அப்பா பேரு ராமன்.”

அதிகாரி எழுதினார். தலைவரே மாட்டிக்கொண்டாரே என்று அவருக்குக் கொஞ்சம் சங்கடம். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் இன்னொருவர்.

“நானுந்தானுங்க. எழுதிக்குங்க.”

அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒரு கூச்சல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. ரேஷன் கடையில் நிற்பது போல வரிசையாக வந்தார்கள். பேர், அப்பா பேர், வீடு எந்தப் பக்கம், எல்லாம் கேட்காமலே நிதானமாகச் சொன்னார்கள். ஒருவர் தம் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைத் திருத்திவிட்டுத்தான் நகர்ந்தார். நடுவில் மாரியாயியும் வந்தார். “மாரியாயின்னு எழுதிக்குங்க சார்” என்றார். அந்த வரிசையில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வரிசையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“இத்தனை பேரையும் நீக்கிட்டா சங்கத்துல யாருங்க இருப்பாங்க?”

“அதைத்தானுங்க சார் நாங்களும் யோசிக்கறோம்” என்றார் சடையக் கவுண்டர், மிகவும் பணிவாக.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்து, பொறுக்கி வைத்திருந்த சிவப்புக் குவியலுக்குப் போனார். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார். சிவப்பு. இன்னொரு பக்கம் அள்ளினார். அதுவும் சிவப்பு. மூன்றாவது தடவையும் அள்ளிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேர் எழுதிய தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “மிஷின் இங்கேயே இருக்கட்டும். அந்த ரூலை மட்டும் எடுத்துடுங்க” என்றார்.

அப்போதுதான் அவர் என்னைக் கவனித்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

“நீங்க எதுக்கும்மா இங்க நிக்கறீங்க? நீங்க சம்பளத்துக்கு இருக்கறவங்க. மெம்பரே இல்லையே, உங்களை எப்படி நீக்கறது?”

மாரியாயி அதற்குள் சாக்குக்குத் திரும்பிப் போய், பச்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் அங்கிருந்தே சொன்னார்:

“அதுக்கென்னங்க சார், மொதல்ல சேத்துக்குங்க. பொறவு நீக்கிக்கலாம்.”